மட் சொல்வதும் சொல்லாமல் விடுவதும்

ஹைதராபாத்தின் கச்சிபவுலி, மாதாப்பூர் பக்கம் சிப் நிறுவனங்களில் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே ஒன்றில் தடுக்கி விழுவார்கள். லினக்ஸ் கெர்னலில் நாலு வரி திருத்தினாலும் அதை மின்னஞ்சலில்தான், அதுவும் வெறும் எழுத்தாகத்தான் அனுப்ப வேண்டும். பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து ஒட்டி அனுப்பினால் டேப்பெல்லாம் ஸ்பேஸாகிவிடும், நீளமான வரிகள் நடுவில் உடையும், பேட்ச், அதாவது அந்தத் திருத்தம், ஏறாது. பேட்ச் அனுப்ப பிரவுசர் ஜிமெயில் உதவாது என்று கெர்னலின் ஆவணப் பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அதனால்தான் மைக்கேல் எல்கின்ஸ் 1995இல் எழுதிய மட் என்ற டெர்மினல் மின்னஞ்சல் மென்பொருள், இன்றும் ஹைதராபாத்தில் புது லேப்டாப்களில் ஏறுகிறது.

ஏறிய அன்றே நின்றும் போகிறது. அப்படி நின்றுபோனதைச் சரிசெய்யும் முறையைப் பற்றித்தான் இங்கே பேச நினைக்கிறேன்.

இந்த முறையின் பலம், ஒவ்வொரு படியிலும் நின்று தனியாக விசாரிக்க முடிவது. சர்வர் எட்டுகிறதா என்று தெரிய வேண்டுமா? மட்டை மூடிவிட்டு, ஓபன்எஸ்எஸ்எல் மூலம் 993ஆம் போர்ட்டைத் தட்டலாம். ஒரு நட்சத்திரக் குறியும் ஓகேயும் வந்தால் வழியில் குறை இல்லை. அடுத்தது பாஸ்வேர்டு. போன மாதம் பக்கத்து இருக்கைத் தம்பி, மதுரைக்காரன், வந்து நின்றான். "அண்ணே, பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன். லாகின் ஃபெயில்டுன்னே வருது." திரையின் கீழ்வரியில் அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. நடப்பதை விவரமாக எழுதிவைக்கும்படி, கட்டளையில் மைனஸ் டி, 2 என்று சேர்த்து மட்டை மறுபடி திறந்தோம். வீட்டுக் கோப்புறையில் ஒரு லாக் விழுந்தது. அதில் சர்வர் சொன்னது சொன்னபடி இருந்தது: செயலிக்கென்று தனிப் பாஸ்வேர்டு வேண்டும். தனிநபர் கணக்குகளில் வழக்கமான பாஸ்வேர்டோடு வெளிச்செயலிகள் நுழைவதை கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்திவிட்டது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துப் பாஸ்வேர்டு வாங்கிப் போட்டதும் கடிதங்கள் மளமளவென்று இறங்கின. பத்து நிமிட வேலை. பொத்தானை மட்டும் காட்டும் மென்பொருளில் இந்த ஒரு வரியைக் கண்ணால் பார்த்திருக்கவே முடியாது.

ஆனால் அதே லாக்கில் ஆபத்தும் இருக்கிறது. அந்த 2 என்ற விவர அளவை 5க்கு ஏற்றினால் மட், பாஸ்வேர்டையே கோப்பில் எழுதிவிடும். கூடுதல் விவரம் நல்லதுதானே என்று ஏற்றி, அந்தக் கோப்பை அப்படியே வாட்ஸாப்பில் அனுப்பி உதவி கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு பதறும்.

இதைவிடப் பரவலான கெடுதல், யாரோ எழுதிய அமைப்புக் கோப்பை முழுசாக எடுத்து ஒட்டுவது. சான்றிதழ் பிழை வந்தால், சர்வரின் பெயரைச் சரிபார்க்காதே என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வார்கள். பிழை போய்விடும். எதிரே இருப்பது யாரென்று பார்க்காமலே சாவியை நீட்டியிருப்போம். இதைப் பழுதுபார்த்தல் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தமிழுக்கு வந்தால் முறை பாதியில் நிற்கிறது. லொகேல் என்ற மொழி அமைப்பு சரியில்லாத சர்வரில் 'த' என்ற ஒரே எழுத்து 340, 256, 244 என்று மூன்று எண்களாகச் சிதறும். யூடிஎஃப்-8 லொகேல் வைத்தால் எழுத்து திரும்பிவிடும். ஆனால் 'கொ' வந்தால் ஒற்றைக்கொம்பும் காலும் இருபுறமும் விரிகின்றன, டெர்மினலோ கட்டம் போட்டு எண்ணுகிறது. கர்சர் ஓரிடம், எழுத்து வேறிடம். அமைப்புக் கோப்பில் எந்த வரியைச் சேர்த்தும் இதைத் தீர்க்க முடியாது. குறை டெர்மினலிலும் எழுத்துருவிலும் இருக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அலுவலகங்களுக்கான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் மின்னஞ்சலில் பழைய பாஸ்வேர்டு நுழைவை மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரிலிருந்து நிறுத்தத் தொடங்கியது. இனி பாஸ்வேர்டுக்குப் பதில் ஓஆத் டோக்கன் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். அதை வாங்கித் தரும் பைத்தான் நிரல் மட்டுடனேயே வருகிறது. ஆனால் பெரும்பாலான அலுவலகங்களில் அட்மின் ஒப்புதல் இல்லாமல் அது நகராது. எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று லாக் துல்லியமாகச் சொல்லும். திறக்கும் உரிமை நம்மிடம் இல்லை. மின்னஞ்சல் பொது நெறிமுறைகளில் ஓடுகிறது, யார் வேண்டுமானாலும் தனக்குப் பிடித்த மென்பொருளை வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் இத்தனை காலம் இந்த முறைக்கு அர்த்தம் கொடுத்தது. இன்றோ அந்த உரிமைக்கு விண்ணப்பம் போட வேண்டியிருக்கிறது.

அலுவலகக் கணக்குக்காக மதுரைத் தம்பி போட்ட விண்ணப்பம் மூன்று வாரமாக நிலுவையில் இருக்கிறது. இதற்கிடையில் பேட்சுகளைத் தன் சொந்தக் கணக்கிலிருந்தே அனுப்புகிறான். திருத்தம் அலுவலகப் பெயரில் பதிவாக வேண்டுமே என்று கடிதத்தின் முதல் வரியில் 'ஃப்ரம்' போட்டு அலுவலக முகவரியைச் சேர்க்கிறான்.