பாசிக்குப் பெயர் உண்டு

கூடத்தின் இடப்பக்கச் சுவர் ஒருவருக்கு, வலப்பக்கச் சுவர் இன்னொருவருக்கு. கல்லூரிக் காலத் தோழிகளான இரண்டு ஓவியர்கள் சென்னையில் சேர்ந்து வைத்த கண்காட்சி அது. ஒருவர் மனித முகங்களை வரைகிறார், மற்றவர் கடலுயிர்களை. எல்லாமே மன்னார் வளைகுடாக் கரையில், பாசி எடுக்கும் பெண்களின் ஊரில் தங்கி வரைந்தவை.

நான் முதலில் கடலுயிர்களிடம் போனேன். முகங்கள் திருப்பிப் பார்க்கும், கணவாய் அந்தத் தொந்தரவைத் தராது என்று நினைத்திருந்தேன். பேய்க்கணவாயின் கண்ணை அவர் வரைந்திருந்த விதத்தில் அந்த நினைப்பு போயிற்று. வயிறு புடைத்த ஆண் கடற்குதிரையின் முன்னால் நின்று இரண்டு மாணவிகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் என்னை நிறுத்தியவை பாசிகள்தாம். மரிக்கொழுந்துப் பாசியை வரைந்தபோது அதன் அடியில் ஒட்டியிருந்த பவளத் துணுக்கையும் மண்ணையும் சேர்த்தே வரைந்திருக்கிறார். பாறையிலிருந்து பிடுங்கிய கையில் பாசி அப்படித்தான் இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டு: ஜெலிடியெல்லா அசெரோசா, மரிக்கொழுந்துப் பாசி. கிராசிலேரியா எடுலிஸ், கஞ்சிப்பாசி.

எதிர்ச்சுவரில் பெண்கள். கரிக்கோலில், ஆளுயரத்துக்கு. சேலைக்கு மேல் ஆண்களின் சட்டை, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி. உப்பு காய்ந்த தோலை அந்த ஓவியர் அறிந்திருக்கிறார். சீட்டைக் குனிந்து படித்தேன்: பாசி எடுக்கும் பெண் 1. பாசி எடுக்கும் பெண் 2. இப்படியே 9 வரை.

எனக்குக் கோபம் வந்தது. பாசிக்கு இரண்டு பெயர், அதை எடுப்பவளுக்கு ஓர் எண். இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் 1843-இல் கடற்பாசிகளை நீல ஒளிப்படங்களாகப் பதித்துப் புத்தகமாக வெளியிடத் தொடங்கியபோது, ஏ. ஏ. என்று மட்டுமே கையொப்பமிட்டார். பிற்காலத்தில் அதை ‘அனானிமஸ் அமெச்சூர்’ என்று, அதாவது பெயர் தெரியாத பொழுதுபோக்காளர் என்று வாசித்தார்கள். அதையெல்லாம் மனத்தில் ஓட்டிக்கொண்டு ஓவியரிடம் போனேன்.

“அவங்கதான் பேர் போட வேண்டாம்னு சொன்னாங்க, அக்கா” என்றார்.

வெட்கமாக இருந்தது. காரணம் எனக்குத் தெரிந்ததுதானே. 1986-இல் அங்குள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதுவரை அம்மாவுக்குப் பின்னால் மகள் என்று இறங்கிப் பாசி எடுத்த இடத்தில், இப்போது இறங்கினால் அத்துமீறல். சுவரில் எழுதும் பெயர் அவளுக்கு மரியாதையாக இருக்கலாம், சாட்சியமாகவும் ஆகலாம். பெண்ணின் பெயரை எழுதிவிட்டாலே நீதி கிடைத்துவிடும் என்று நாம் பழகிவிட்டோம்.

ஆனாலும் என் மனத்தாங்கல் முழுவதும் தீரவில்லை. பெயரை மறைத்த ஓவியர், மூக்குத்தியும் புருவத் தழும்பும் அடையாளம் தெரியும்படி முகத்தை வரைந்திருக்கிறாரே? அந்த ஊரில் ஒருவரைக் கண்டுபிடிக்க அதைவிட வேறென்ன வேண்டும்? அவர்கள் முகத்துக்குச் சம்மதித்தார்கள் என்றார். சம்மதித்திருப்பார்கள். தம்மை அவ்வளவு பெரிதாக யாரும் வரைந்ததில்லை. அந்த ஆசையை ஓவியர்தான் யோசித்துக் கையாண்டிருக்க வேண்டும்.

இன்னொன்று, எதிர்ச்சுவர்க்காரரிடம் கேட்க வேண்டியது. மரிக்கொழுந்து, கஞ்சி என்று பிரித்துச் சொல்லிக் கொடுத்தது யார்? லத்தீன் பெயர் நூலில் கிடைக்கும். தமிழ்ப் பெயரை அந்தப் பெண்கள்தாம் சொன்னார்களாம். யாருடைய தனிப்பெயரும் இல்லாமலே ‘ஊர்ப் பெண்கள் சொன்னது’ என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அதற்கு எந்த ஆபத்தும் இல்லை.

வெளியே வரும்போதுதான் பார்த்தேன்: முகம் வரைபவர் ஒரே ஒரு கையையும் வரைந்திருக்கிறார். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணி, அதன் இடுக்கில் ஒரு கொத்துப் பாசி. பாசியை அவருக்காகத் தோழி வரைந்து கொடுத்தாராம். இருவரும் சேர்ந்து வரைந்த ஒரே படம். இரண்டு சுவர்களுக்கும் நடுவில் இருந்திருக்க வேண்டியது, மின்விசிறி சுவிட்சுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.