பேரீச்சம்பழத்துக்குப் போகாத தட்டுகள்

கம்பைநல்லூர் வட்டாரத்தில் பழைய ரிக்கார்டு தேடுகிறவர் முதலில் ஏறிப் பார்க்க வேண்டியது மைக்செட்காரர் வீட்டுப் பரண். இசைப்பிரியர் வீட்டு அலமாரியெல்லாம் அதற்குப் பிறகுதான். தருமபுரி மாவட்டத்தின் இந்தப் பகுதியிலும், தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றைப் போல, சொந்தமாகக் கிராமபோனோ ரிக்கார்டு பிளேயரோ வைத்திருந்த வீடுகள் சொற்பம். மற்ற சனம் பாட்டுக் கேட்டது காதுகுத்திலும் கல்யாணத்திலும் மாரியம்மன் திருவிழாவிலும், வேப்பமரக் கிளையில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் வழியாக. டூரிங் டாக்கீஸில் படம் போடுவதற்கு முன்பு ஓடியதும் ரிக்கார்டு, திருவிழா இரவில் மேடையேறியதும் ரிக்கார்டு டான்ஸ். அறுபது எழுபதுகளில் ஊர்க்காதில் எது விழ வேண்டும் என்று முடிவு செய்தவர் மைக்செட்காரர்தான். தட்டுகள் அவருக்குத் தொழில் முதல். வாங்கினார், தேயத் தேய ஓட்டினார், எண்பதுகளில் கேசட் வந்ததும் கட்டிப் பரணில் போட்டார். பரண் இல்லாதவர் பேரீச்சம்பழத்துக்குப் போட்டார்.

இன்று ரிக்கார்டு சேர்ப்பது மறுபடியும் மவுசாகியிருக்கிறது. ஆனால் சேர்ப்பவர்களில் பெரும்பாலோர் தேடுவது சினிமாப் பாட்டை: எம்.எஸ்.வி.யின் இபிகள், இளையராஜாவின் முதல் பத்தாண்டு எல்பிகள். விலை ஏறுவதும் அவற்றுக்குத்தான். ஆசைப்பட்டதை வாங்குகிறார்கள், அதில் தப்பில்லை. என் கவலை வேறு. சினிமாப் பாட்டு அவ்வளவு எளிதில் தொலையாது. அது படத்தில் இருக்கிறது, கேசட்டில் இருக்கிறது, நாலு பேர் வாயிலும் இருக்கிறது. ஒரே ஒரு ஏழங்குலத் தட்டில் மட்டும் பதிந்து, சில நூறு பிரதிகளோடு நின்றுபோன சினிமா சாராத பாட்டுக்கு அந்தத் தட்டை விட்டால் வேறு வீடு கிடையாது. சேகரிப்பு என்று ஒன்று உருப்படியாக நடக்க வேண்டுமானால் அங்கேதான் நடக்க வேண்டும்.

இந்தியாவில் தட்டுப் பதிவின் கதை 1902 நவம்பரில் கல்கத்தாவில் தொடங்குகிறது. கிராமபோன் கம்பெனிக்காக வந்த ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் அங்கே கௌஹர் ஜான் முதலானோரைப் பதிவு செய்தார். அன்று தொடங்கி அறுபதுகள் வரை ஆண்டது 78 சுற்றுத் தட்டு. அரக்கால் ஆனது, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம், கை தவறினால் சுக்கல். முப்பதுகளில் மதராஸில் இது பெரிய வியாபாரம். ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் சினிமாவுக்கு வரும் முன்பே சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் ஒடியன் தட்டுகளை விற்றார். பிராட்காஸ்ட், ஹட்சின்ஸ் என்ற லேபிள்களும் புழங்கின. மேடை நாடகங்கள் பல தட்டுகள் கொண்ட செட்டுகளாக வந்தன. தேசபக்திப் பாட்டுகளும் தட்டேறி ஊர் ஊராகப் போயின, சு. தியடோர் பாஸ்கரன் 1981இல் வெளியிட்ட ‘த மெசேஜ் பேரர்ஸ்’ நூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 78 பற்றிச் சொல்ல ஆள் இருக்கிறார்கள் என்பதால் இத்தோடு விடுகிறேன்.

எழுத ஆளில்லாதது அடுத்து வந்த 45 சுற்று இபி. ஏழு அங்குலம், வினைல், பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டு பாட்டு. விலை குறைவு, விழுந்தால் உடையாது, பெட்டியில் நூறு தட்டை அடுக்கி மாட்டுவண்டியில் ஏற்றலாம். மைக்செட் தொழிலுக்கென்றே செய்தது போன்ற சரக்கு. அப்படிப்பட்ட ஒரு தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அதன் வாழ்க்கை தெரியும். லேபிள் மேல் சவுண்டு சர்வீஸின் ரப்பர் ஸ்டாம்பு, பக்கத்தில் பெயிண்டில் எழுதிய எண். முதல் பக்கத்தின் முதல் பாட்டுப் பகுதி சாம்பல் பூத்திருக்கும். கனத்த முள் நூற்றுக்கணக்கான கல்யாணங்களில் உழுத இடம் அது. திருப்பினால் மறுபக்கம் கடையில் வாங்கிய அன்றிருந்த கறுப்பிலேயே மினுங்கும். எந்தப் பாட்டை ஊர் கேட்டது, எதை ஒதுக்கியது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணம் வேறு இல்லை. தேய்ந்த தட்டை மட்டம் என்று தள்ளுகிற சேகரிப்பாளர் இதைத் தவறவிடுகிறார்.

சினிமா சாராத இபிகளில் அதிகம் கிடைப்பது பக்தி. முருகன் பாட்டு, மாரியம்மன் பாட்டு, கிறிஸ்தவ கீதங்கள், இஸ்லாமியப் பாடல்கள் என்று எல்லாம் உண்டு. அடுத்தது கட்சிப் பாட்டு. நாகூர் ஹனிபாவின் குரல் தி.மு.க. கூட்டத்துக்கு ஆள் சேர்த்தது. ஹனிபாவின் பாட்டு இருக்கும், பிழைத்துக்கொள்ளும். தேர்தல் நேரத்துக்கு மட்டும் பாடிவிட்டுக் காணாமல் போனவர்களின் தட்டுகளுக்குத்தான் ஆபத்து.

என் மனம் நிற்பது இலங்கையில். பி.வி. கேஸ்கர் அமைச்சராக இருந்த ஐம்பதுகளில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது தமிழ்நாடு இலங்கை வானொலிப் பக்கம் திரும்பியது. 1957இல் விவித்பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அந்த அலைவரிசையில்தான் அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் ஒரு புது வகைப் பாட்டு நம் காதுக்கு வந்தது. கிதார், பைலாத் தாளம், யாழ்ப்பாணப் பேச்சு, கிண்டல். இலங்கைத் தமிழர் அதைப் பொப் இசை என்றார்கள். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ அதன் முகவரி. திருகோணமலையின் பரமேஸ், கோணேஸ் சகோதரர்களும் தட்டு வெளியிட்டார்கள். ஏ.ஈ. மனோகரனுக்குப் பொப்பிசைச் சக்கரவர்த்தி என்றே பட்டம். அவர் பாடிப் புகழ்பெறச் செய்த ‘சுராங்கனி’ 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில் நம் ஊர்ப் பாட்டாகவே ஆகிவிட்டது. மனோகரன் 2018இல் சென்னையில் காலமானார்.

சினிமாவை நம்பாமல், தாங்களே எழுதி, தாங்களே மெட்டமைத்துப் பாடிய இளைஞர்கள் இவர்கள். தமிழில் சுயாதீனமான பாப் என்று ஒன்று இருந்தது என்றால் அதன் முதல் ஊர் சென்னை அல்ல; கொழும்பும் யாழ்ப்பாணமும் திருகோணமலையும்தான். அதே காலத்தில் அங்கே சிங்களக் குழுக்களுக்கு ஜெரால்ட் விக்கிரமசூரியவின் ‘சூரியா’ லேபிள் கிடைத்தது. மூன்ஸ்டோன்ஸ் போன்ற குழுக்களின் தட்டுகளை இன்று வெளிநாட்டுக்காரர்களும் தேடி வாங்குகிறார்கள். தமிழ்ப் பொப்புக்கு அப்படி ஒரு காவலர் அமையவில்லை. 1983 கலவரத்தில் வீடுகள் எரிந்தன, மிச்சமிருந்தவர்கள் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கடல் கடந்தார்கள். தட்டுகள் லண்டனிலும் டொராண்டோவிலும் எந்த வீட்டு நிலவறையில் கிடக்கின்றனவோ. நம் மைக்செட் பரண்களில் அவை அபூர்வம். இங்கே வந்தது குரல், தட்டு அல்ல.

மதராஸில் நடந்தது வேறு. கல்லூரி இளைஞர்கள் ஆங்கிலத்தில் பாடினார்கள். சிம்லா சிகரெட்டின் பெயரால் இம்பீரியல் டொபாக்கோ நடத்திய ‘சிம்லா பீட்’ போட்டியில் வென்ற குழுக்களின் பாட்டுகள் 1970, 1971 ஆண்டுகளுக்கு இரண்டு எல்பிகளாக வந்தன. மதராஸின் ‘தி கன்ஃபியூஷன்ஸ்’ முதல் தட்டில் உண்டு. மேலை நாட்டில் இவை மறுபதிப்புக் கண்டிருக்கின்றன. இங்கே விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள்.

சேர்த்தவர்கள், காத்தவர்கள் இல்லாமல் இல்லை. வி.ஏ.கே. ரங்காராவ் சென்னையில் சேர்த்த ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட தட்டுகள் லிம்கா சாதனைப் புத்தகத்தில் ஏறின. 1990இல் மும்பையில் சுரேஷ் சாந்த்வண்கர் தொடங்கிய இந்திய ரிக்கார்டு சேகரிப்பாளர் சங்கம் ‘தி ரிக்கார்டு நியூஸ்’ என்ற இதழை நடத்தியது. பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு யங் இந்தியா, ஒடியன் தட்டுகள் கணினியேறின. கேரளத்தில் பாலாவுக்குப் பக்கத்தில் சன்னி மேத்யூ தட்டுகளுக்கும் கருவிகளுக்கும் ஒரு காட்சியகமே வைத்திருக்கிறார். எல்லாம் பெரிய காரியம். ஆனால் இந்த உழைப்பில் பெரும்பங்கு 78 தட்டுகளுக்கும் சாஸ்திரிய சங்கீதத்துக்கும் போயிருக்கிறது. இபி அவர்களுக்குப் பழசாகப் போதவில்லை, சந்தைக்குப் புதுசாகப் போதவில்லை.

ஏழங்குலத் தட்டுக்குப் பட்டியல் என்ன செய்யும் என்பதற்கு ஒரு வெளிநாட்டு உதாரணம்: இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து சாரா ரிக்கார்ட்ஸ் என்ற லேபிள் 1987 முதல் 1995 வரை இயங்கி, நூறாவது எண்ணோடு கடையை மூடியது. யாரும் கேள்விப்படாத குழுக்களின் ஏழங்குலத் தட்டுகள்தான் அதன் பிழைப்பு. ஒன்று முதல் நூறு வரை எண் இருப்பதால் எதைக் காணோம் என்பது சேகரிப்பவருக்குத் தெரியும். தமிழ் இபிகளுக்கு அப்படி ஒரு முழுப் பட்டியல் என் கண்ணில் பட்டதில்லை. பட்டியல் இல்லாதபோது எது தொலைந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. 1985இல் சென்னை மூர் மார்க்கெட் எரிந்தபோது பழைய தட்டுக் கடைகளில் என்னென்ன போயின என்று கணக்கெழுதவும் வழியில்லை.

இந்தத் தட்டுகளைக் கணினியேற்றிப் பகிரச் சட்டமும் இப்போது கொஞ்சம் வழிவிடுகிறது. இந்தியாவில் ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகள். அறுபதுகளின் இபிகள் ஆண்டுக்காண்டு அந்த வரம்பைக் கடந்து வருகின்றன. பாட்டெழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனி. அது அவர்கள் மறைவுக்குப் பின் அறுபது ஆண்டுகள்.

கம்பைநல்லூரிலோ மொரப்பூரிலோ அரூரிலோ உங்கள் வீட்டில் யாராவது மைக்செட் வைத்திருந்தால் ஒருமுறை பரணைப் பாருங்கள். தட்டுகளைப் படுக்கையாக அடுக்கியிருந்தால் புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். வெயில் படும் இடம் வேண்டாம். 78 தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். தட்டின் இரண்டு பக்க லேபிளையும், லேபிளை ஒட்டிய மொட்டை வளையத்தில் கீறியிருக்கும் எண்ணையும் படம் எடுங்கள். சினிமாப் பெயர் இல்லாத தட்டாக இருந்தால் விற்பதற்கு முன் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு வார்த்தை எழுதிக் கேளுங்கள்.