பனிக்கு அடியில் கோதுமை இருக்கிறது

குளிர்கால நிலக்காட்சி என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். திரும்பத் திரும்ப ஒரே படம்தான் வரும். முழுக்க வெள்ளை. நடுவில் ஒற்றை மரம். இல்லையென்றால் தூரத்தில் ஒரு பழைய பண்ணைக் கொட்டகை, அதன் கூரையில் ஒரு முழத்துக்குப் பனி. ஆள் கிடையாது, நாய்கூடக் கிடையாது. கீழே 'அமைதி', 'தனிமை', 'ஜென்' என்று ஏதாவது ஒரு சொல். நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்பதுதான். அதனாலோ என்னவோ, இந்தப் படங்கள் நம்மைச் சுலபமாக மயக்கிவிடுகின்றன. எனக்கும் பிடிக்கும். என் கணினித் திரையில் பல வருஷமாக இப்படி ஒரு படம்தான் இருக்கு.

ஆனால் ஒரு கேள்வி ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த வெள்ளை நிலம் யாருடையது? பனிக்குக் கீழே என்ன இருக்கு? அது தெரிந்த பிறகும் அந்தப் படம் நல்ல படமாகவே நிற்குமா? இதைப் பேச ஜப்பானை எடுத்துக்கொள்கிறேன். இந்த வகைப் படத்தின் உச்சத்தையும், அதற்கு ஒரு ஊர் கொடுத்த விலையையும் அங்கே சேர்த்தே பார்க்கலாம்.

முதலில் கொஞ்சம் கணக்கு

கேமராவுக்குப் பனி தெரியாது. அதிலுள்ள ஒளிமானி, எதைப் பார்த்தாலும் அது 18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும் சாம்பல் நிறப் பொருள் என்றே நினைத்துக் கணக்குப் போடும். புதுப் பனி ஏறக்குறைய 80 முதல் 90 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். எனவே கேமராவை அதன் போக்கில் விட்டால் பனி அழுக்குச் சாம்பலாக வரும். புகைப்படக்காரர் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் கூட்டி வைத்தால்தான் வெள்ளை வெள்ளையாக வரும்.

இன்னும் கொஞ்சம் கூட்டினால் இன்னொன்று நடக்கும். பனியில் இருக்கும் மேடு பள்ளம், காலடித் தடம், டிராக்டர் சக்கரம் போன பள்ளம் எல்லாம் வெள்ளையில் கரைந்துவிடும். ஆக, அந்தப் 'பரிசுத்தமான' வெள்ளை முழுக்க இயற்கை கொடுத்ததல்ல. பாதி பனி பெய்தது, மீதி ஒருவர் தேர்ந்தெடுத்தது. தேர்வு என்று வந்துவிட்டால் அதை விமர்சிக்கவும் செய்யலாம்.

கென்னாவின் வேலி

இந்த வகையில் இன்று வாழும் பெரிய கலைஞர் மைக்கேல் கென்னா. 1953இல் இங்கிலாந்தில் பிறந்தவர். சதுர ஃபிலிமில் கறுப்பு வெள்ளையில் எடுப்பவர். ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவுக்குக் குளிர்காலத்தில் திரும்பத் திரும்பப் போனார். 'ஹொக்கைடோ' என்ற அவரது புத்தகம் 2006இல் வந்தது. இன்று இணையத்தில் குவிந்து கிடக்கும் ஒற்றை மரப் படங்களில் பெரும்பகுதி, தெரிந்தோ தெரியாமலோ, இவரைப் பார்த்துப் போட்ட நகல்தான்.

நகல்களை வைத்து மூலத்தை மதிப்பிடக் கூடாது. 2002இல் தெஷிகாகா என்ற ஊரில் அவர் எடுத்த வேலிப் படத்தைப் பாருங்கள். வெள்ளைச் சரிவு, அதில் ஒரு கறுப்பு வேலி, அவ்வளவுதான். தூரிகையால் ஒரு இழுப்பு இழுத்த மாதிரி இருக்கும். முதலில் கோடாகத் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்தால் கோடு தனித்தனிக் கம்பங்களாகப் பிரியும். ஒவ்வொரு கம்பத்தையும் யாரோ குழி தோண்டி நட்டிருக்கிறார்கள். பனி இல்லாத ஒரு பருவத்தில், முதுகு வலிக்க. கென்னாவின் நல்ல படங்களில் இந்த இரண்டாவது பார்வைக்கு இடம் இருக்கு. ஆள் இல்லை, ஆனால் ஆள் வந்து போன தடயம் இருக்கு.

அவருடைய பலவீனமான படங்களில் அந்த இடம் இல்லை. மரம் எங்கோ அந்தரத்தில் நிற்கும். அது ஹொக்கைடோவா, பின்லாந்தா, வெறும் காகிதமா என்று சொல்ல முடியாது. இந்தப் படங்களை ஹைக்கூவோடு ஒப்பிடுவது வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. ஹைக்கூ குறிப்பான ஒரு பருவத்தில், ஒரு கணத்தில் காலூன்றி நிற்பது. சொல் குறைவதால் உலகம் குறைந்துவிடாது. இந்தப் படங்களில் பல நேரம் உலகமே குறைந்துவிடுகிறது.

வெள்ளைக்குக் கீழே

ஹொக்கைடோவின் நடுவில் பியெய் என்று ஒரு சிற்றூர். சுமார் பத்தாயிரம் பேர் வாழும் விவசாய ஊர். அலை அலையாகக் குன்றுகள். கோதுமை, உருளைக்கிழங்கு, சர்க்கரைக் கிழங்கு. அதைப் புகழ் பெற வைத்தவர் புகைப்படக் கலைஞர் ஷின்ஸோ மயேதா. அவருடைய படக்கூடம் 1987இல் அங்கே திறக்கப்பட்டது. எந்தக் கட்டடத்தில் தெரியுமா? மூடப்பட்ட ஒரு தொடக்கப் பள்ளியில். பிள்ளைகள் இல்லாமல் போன ஊரில் பள்ளிக்கூடம் படக்கூடமாகிறது. அந்த ஊரின் கதை இதிலேயே பாதி இருக்கு.

அங்கே செப்டம்பரில் விதைக்கும் கோதுமை, பனிக்கு அடியிலேயே குளிர்காலத்தைக் கழிக்கும். பனி அதற்குக் கம்பளி மாதிரி. வெளியே மைனஸ் இருபது என்றாலும் கீழே மண் அவ்வளவு குளிராது. ஆனால் கம்பளி அதிக நாள் கிடந்தால் பயிரில் பூஞ்சை பிடித்து அழுகும். அதனால் குளிர்காலக் கடைசியில் விவசாயிகள் பனிமேல் கரிப்பொடி மாதிரியான கறுப்புத் தூளைத் தூவுகிறார்கள். கறுப்பு வெயிலை உறிஞ்சும், பனி சீக்கிரம் உருகும். தூவிய வண்டி போன வழியெல்லாம் குன்றின்மேல் வளைவு வளைவான கோடுகள்.

அந்தக் கோடுகளைப் படமெடுக்க ஆட்கள் தேடி வருகிறார்கள். 'அரூப ஓவியம் போல' என்று தலைப்பு வைக்கிறார்கள். படம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு விவசாயி வசந்தத்தைச் சில நாள் முன்னாடி இழுக்கப் போராடிய தடம். இதைச் சொன்னால் அழகு குறையுமா? எனக்கு என்னவோ கூடத்தான் செய்கிறது.

தொகாச்சி என்ற பகுதியில் இதற்கு நேர் எதிராக ஒன்று செய்கிறார்கள். அறுவடையில் விடுபட்ட உருளைக்கிழங்கு, பனிக் கம்பளியின் கதகதப்பில் பிழைத்து அடுத்த வருஷம் களையாக முளைக்கும். அதைக் கொல்ல, நடுக் குளிரில் பனியை வரிசை வரிசையாக ஒதுக்கியோ அழுத்தியோ மண்ணை உறைய விடுகிறார்கள். ஆக, ஒரு வயலில் எவ்வளவு பனி, எத்தனை நாள் கிடக்கிறது என்பதெல்லாம் அங்கே கணக்குப் பார்த்துச் செய்யும் வேலை. படத்தில் 'மனிதன் தொடாத வெண்மை' என்று வருவது இதுதான்.

மரம் வெட்டப்பட்ட கதை

பியெயில் மரங்களுக்குப் பெயர் உண்டு. 1972இல் ஒரு கார் விளம்பரத்தில் வந்ததால் 'கென்-மேரி மரம்'. 1976இல் சிகரெட் பெட்டியில் படமாக வந்ததால் 'செவன் ஸ்டார்ஸ் மரம்'. லேசாகச் சாய்ந்து நின்ற ஒரு பாப்லார் மரம் யோசிப்பது போலத் தெரிந்ததால் 'தத்துவ மரம்'.

தத்துவ மரம் நின்றது ஒருவரின் சொந்த வயலில். உள்ளே வராதீர்கள் என்று எழுதி வைத்தும் வந்தார்கள். மிதித்த இடத்தில் பனி இறுகும், கீழே பயிர் கெடும். காலணியில் ஒட்டி வரும் மண்ணோடு உருளைக்கிழங்கைத் தாக்கும் நூற்புழுவும் வரலாம் என்ற பயம் வேறு. மரமும் வயதாகித் தளர்ந்துவிட்டது. 2016 பிப்ரவரியில் உரிமையாளரே அதை வெட்டிச் சாய்த்தார். 2025 ஜனவரியில் செவன் ஸ்டார்ஸ் மரத்துக்கு அருகில் சாலையோரம் நின்ற சுமார் 40 பிர்ச் மரங்களும் வெட்டப்பட்டன. வயலில் நிழல் விழுவதும், கூட்டம் தாங்காததும் காரணம்.

புகைப்படக்காரர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. நான் சொல்வது படத்தின் தர்க்கத்தைப் பற்றி. 'இங்கே யாரும் இல்லை' என்று ஒரு படம் லட்சம் தடவை சொன்னால், பார்த்தவர் அதை நம்பித்தானே வருவார்? யாரும் இல்லாத இடத்தில் வேலி எதற்கு, அனுமதி எதற்கு?

ஹொக்கைடோவுக்கு இந்த 'யாரும் இல்லை' புதிதும் அல்ல. 1869இல் மெய்ஜி அரசு அந்தத் தீவில் குடியேற்றத்துக்கென்று தனித்துறை அமைத்தபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த ஐனு மக்களின் நிலத்தைக் காலி நிலமாகத்தான் கணக்கில் எழுதியது. குடியேறியவர்களுக்கு விவசாயம் சொல்லித்தர அமெரிக்க நிபுணர்கள் வந்தார்கள். சப்போரோ விவசாயக் கல்லூரிக்கு வந்த வில்லியம் கிளார்க், மாசசூசெட்ஸ் விவசாயக் கல்லூரியின் தலைவர். 1877இல் அங்கே கட்டிய மாதிரிக் கொட்டகை இன்றும் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் நிற்கிறது. ஹொக்கைடோவின் பழைய கொட்டகைகளைப் பனியில் பார்க்கும்போது நியூ இங்கிலாந்து மாதிரியே இருக்கே என்று தோன்றினால், காரணம் இதுதான். 'காலத்துக்கு அப்பாற்பட்டது' என்று தலைப்பு வைக்கும் கொட்டகைக்கு, தேதி போட்ட வரலாறு இருக்கு.

ஹமாயா: பனிக்கு எடை உண்டு

இதே ஜப்பானில் இன்னொரு வழியும் இருந்தது. ஹிரோஷி ஹமாயா (1915–1999), டோக்கியோக்காரர். 1940 முதல் நீகத்தா பகுதியிலுள்ள குவாதோரி பள்ளத்தாக்கின் கிராமங்களுக்குப் பனிக்காலத்தில் வருஷா வருஷம் போனார். அவரை இந்தப் பக்கம் திருப்பியதில் கெய்ஸோ ஷிபுசாவாவுக்குப் பங்கு உண்டு. ஷிபுசாவா தொழிலால் வங்கியாளர், ஆர்வத்தால் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர். பகலில் வேலை, மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி என்று வாழும் என்னைப் போன்றவர்களுக்கு அவர் ஒரு முன்னோடி! ஹமாயாவின் 'யுகிகுனி', அதாவது பனிநாடு, 1956இல் புத்தகமானது.

சைபீரியக் காற்று கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மலையில் மோதிக் கொட்டும் இடம் அது. ஈரப் பனி, கனமான பனி. கூரையில் ஒரு மீட்டர் உயரம் படிந்து இறுகினால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 கிலோ. ஏறித் தள்ளாவிட்டால் வீடு தாங்காது. ஜப்பானில் இன்றும் ஒவ்வொரு குளிர்காலமும் கூரையிலிருந்து விழுந்து சாகிறவர்கள் உண்டு, பெரும்பாலும் வயதானவர்கள்.

ஹமாயாவின் படங்களில் இந்த எடை தெரிகிறது. ஜனவரி நடுவில் குழந்தைகள் பறவை ஓட்டும் பாட்டுப் பாடுகிறார்கள். வரப்போகும் விளைச்சலைத் தின்ன வரும் பறவைகளை விரட்டும் சடங்கு. வயலோ ஆளுயரப் பனிக்கு அடியில். பறவையும் இல்லை, பயிரும் இல்லை. ஆனாலும் பாடுகிறார்கள், ஏன்னா அவர்களுக்கு அது வெள்ளைப் பரப்பு அல்ல, வயல். பனிக்கு அடியில் என்ன இருக்கு என்று ஆறு ஏழு வயசுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கு. பனியைப் பற்றி இதைவிடச் சரியான படம் நான் பார்த்ததில்லை.

ஹமாயாவிலும் குறை உண்டு. போர்க்காலத்தில் கிராமத்தில் போய் 'ஆதி ஜப்பானை'த் தேடியதில், அன்றைய அரசு சொன்ன தூய்மைக் கதையின் சாயல் இருக்கு. வறுமை சில இடங்களில் வழிபாட்டுப் பொருளாகிவிடுகிறது. ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. 1955இல் தொயாமாவில் அவர் எடுத்த நாற்று நடும் பெண்ணின் படத்தில் முகமே இல்லை. சேறு அப்பிய உடல் மட்டும். அதில் ஏக்கத்துக்கு இடமே கிடையாது.

எல்லாப் பனிப் படத்திலும் ஆளை நிறுத்துங்கள் என்பது என் வாதம் அல்ல. கென்னாவின் வேலிக்கு ஆள் தேவைப்படவில்லை. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்தப் படத்தில் பனி காகிதமா, சுமையா? காகிதம் என்றால் அதன்மேல் எதையும் எழுதலாம், யாரையும் கேட்க வேண்டாம். சுமை என்றால், அதைச் சுமக்கிற ஒரு கூரையும் அதில் ஏறுகிற ஒருவரும் எங்கோ இருக்கிறார்கள்.

அடுத்த தடவை அப்படி ஒரு படம் உங்கள் கண்ணில் பட்டால், கொட்டகைக்குப் போகும் பாதை தெரிகிறதா என்று தேடிப் பாருங்கள். அந்தப் பாதையைக் காலையில் யாரோ வாரியிருப்பார்கள்.