பத்து ரூபாய் செயலியும் நாற்பது தோட்டங்களும்

கேரளத்து மலையான தேவிகுளத்தில் உட்கார்ந்துகொண்டே உலகத்துக்குச் செயலி விற்கலாம் என்பது பொய்யல்ல. கூகுள் பிளே ஸ்டோரில் கணக்குத் தொடங்க ஒரே முறை 25 டாலர் போதும். ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர். தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைக்கு இவ்வளவு சிறிய முதலில் வேறெந்தத் தொழில் வாய்க்கும்? செயலி விற்பனையின் பெரும்பலம் இதுதான்.

வருமானம் வேறு கதை. 2015-இல் கூகுள் இந்தியாவில் செயலியின் குறைந்தபட்ச விலையை 10 ரூபாயாகக் குறைத்தது. 30 விழுக்காடாக இருந்த கூகுளின் தரகு, 2021 முதல் சிறிய விற்பனையாளர்களுக்கு 15 ஆனது. அது போக மிஞ்சுவது எட்டரை ரூபாய். வரியை விட்டுவிட்டாலும், மாதம் 20,000 ரூபாய் பார்க்க ஒவ்வொரு மாதமும் புதிதாக 2,350 பேருக்கு மேல் வாங்க வேண்டும்.

ஏலக்காய் விலை சொல்லும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கும் மின்னேலத்தின் விலை விவசாயிக்கு அன்றாடம் தேவை. ஆனால் அது வாட்ஸ்அப்பில் இலவசமாக வந்துவிடுகிறது. பத்து ரூபாய் யார் தருவார்? விளம்பரம் போட்டால், இந்தியப் பார்வையாளரால் கிடைப்பது அமெரிக்கப் பார்வையாளரால் கிடைப்பதில் சிறு பங்குதான். லட்சக்கணக்கானோர் பார்த்தால்தான் கட்டுப்படியாகும். மலைநாட்டுச் சந்தையில் அத்தனை பேர் இல்லை.

2014-இல் வியட்நாமின் டாங் நுயென் 'ஃபிளாப்பி பேர்ட்' விளையாட்டால் நாளுக்கு 50,000 டாலர் ஈட்டியதாகச் செய்தி வந்தது. அதைக் காட்டி இளைஞர்களுக்கு ஆசை மூட்டுவது அநியாயம். மலேசியாவின் முத்து நெடுமாறன்தான் நமக்குப் பொருத்தமான பாடம். 2005-இல் வந்த அவருடைய தமிழ்த் தட்டச்சுச் செயலியான செல்லினத்தை மக்கள் இலவசமாகவே பயன்படுத்துகிறார்கள். பல்லாண்டு உழைப்பில் தேர்ந்த அவருடைய எழுத்துருத் திறனோ ஆப்பிள் கணினிக்குள் 'இணைமதி'யாகப் போய்ச் சேர்ந்தது. செயலி விலைபோகாவிட்டாலும் அதைச் செய்தவரின் தேர்ச்சிக்கு விலை உண்டு.

தேவிகுளம், உடும்பன்சோலைப் பக்கம் அந்தத் தேர்ச்சிக்கு வேலை இருக்கிறது: ஏலத்தோட்டத்தின் காய் எடுப்புக் கூலி, எடை, மருந்தடிப்புக் கணக்கு. தமிழ் பேசும் தொழிலாளியும் மலையாளம் பேசும் முதலாளியும் ஒருங்கே படிக்கிற, சிக்னல் இல்லாத சரிவிலும் ஓடுகிற செயலி வேண்டும். இரு மொழியும் அறிந்த உள்ளூர்க்காரருக்கு இதில் பெங்களூர் நிறுவனங்களைவிடக் கை ஓங்கும் என்று உறுதியாக நம்புகிறேன். ஆண்டுக்கு 6,000 ரூபாய் வீதம் 40 தோட்டங்கள் தந்தால் அதே 20,000 மாதாமாதம் வந்துவிடும்.

இதிலும் குறை உண்டு. கூகுளின் விதிகள் ஆண்டுதோறும் மாறும். புதுப்பிக்காத செயலி புதிய போன்களில் கிடைக்காது. 2024 மார்ச்சில் சென்னையின் பாரத் மேட்ரிமோனி செயலியையே கட்டணத் தகராறில் கூகுள் நீக்கியது. அரசு தலையிட்ட பிறகே அது திரும்பியது. தனியாளுக்காக அப்படி யாரும் வரமாட்டார்கள். காய் எடுப்புக் காலத்தில் கணக்கு நின்றுபோனால் நாற்பது தோட்டத்திலிருந்தும் ஒரே நாளில் அழைப்பு வரும். அதற்குப் பதில் சொல்ல இன்னொருவரையாவது கூட்டுச் சேர்த்துக்கொண்டே இதில் இறங்க வேண்டும்.