சர்க்கரை நோய்க்குக் குரோமியமா?

திண்டுக்கல்லில் இருக்கும் நண்பர் ஒருவர் மாத்திரைப் புட்டி ஒன்றைக் காட்டினார். நீரிழிவுக்காரர்களுக்கென விற்கும் குரோமியம் மாத்திரை. மருத்துவர் எழுதிய இரவு மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடுகிறாராம். “எங்கள் ஊர்க் கிணற்று நீரைக் கெடுத்ததும் இந்தக் குரோமியம்தானே?” என்று சிரித்தார்.

கேள்வி நியாயமானதே. குடகனாற்றின் மேற்படுகையில் ஏறத்தாழ 80 தோல் பதனிடும் தொழிற்சாலைகள் இருந்ததை 2005-இல் வெளிவந்த நிலத்தடி நீர் ஆய்வு குறிப்பிடுகிறது. பதனிடப் பயன்படும் குரோமியம் சல்பேட்டில் ஒரு பகுதி தோலில் ஏறாமல் கழிவுநீரோடு போய்விடும். (உப்பு செய்த கேடு தனிக்கதை.) இது மூவிணைதிறன் குரோமியம். மாத்திரையில் உள்ளதும் இவ்வகையே. ஆறிணைதிறன் குரோமியம்தான் கடும் நஞ்சு, புற்றுநோயும் உண்டாக்கும். மூவிணைதிறன் வகையைக் குடல் மிகச் சிறிதளவே உறிஞ்சுகிறது. எனவே மாத்திரை நஞ்சன்று. அது மருந்தா என்பதே வினா.

1959-இல் அமெரிக்காவில் சுவார்ட்சும் மெர்ட்சும், ஒருவகை ஈஸ்ட்டை உணவாகத் தின்ற எலிகளின் இரத்தத்தில் குளுக்கோஸ் மெதுவாகவே குறைவதைக் கண்டனர். குரோமியம் கொடுத்ததும் அது சீரானது. 1977-இல் டொரண்டோவில் ஜீஜீபாய் குழுவினர், நெடுங்காலம் இரத்தக் குழாய் வழியாகவே உணவு பெற்ற ஒரு பெண்ணிடமும் இத்தகைய பலனைக் கண்டனர். இன்சுலினுக்குக் குரோமியம் துணை என்ற கருத்து பாடநூல்களில் ஏறியது.

அடித்தளம் அவ்வளவு உறுதியானதன்று. அந்த எலிகளின் உணவில் குரோமியம் எவ்வளவு இருந்ததென்றே தெரியாது, கூண்டுகளோ உலோகத்தாலானவை. 2011-இல் வின்சென்ட் குழுவினர் உலோகமற்ற கூண்டுகளில், குரோமியம் மிகக் குறைந்த உணவை ஆறு மாதம் கொடுத்தும் எலிகளுக்குக் குறையேதும் தோன்றவில்லை. குரோமியம் இன்றியமையாதது என்பதற்குப் போதிய சான்றில்லை என்று 2014-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் கூறிவிட்டது.

மாற்றுச் சான்றையும் மறைக்கலாகாது. 1997-இல் வெளியான சீன ஆய்வில் 180 நோயாளிகள் பங்கேற்றனர். நாளுக்கு 1000 மைக்ரோகிராம் பெற்றவர்களுக்கு இரத்தச் சர்க்கரை நன்கு குறைந்தது. பின்வந்த ஆய்வுகள் ஒருமுகமாக அதை உறுதி செய்யவில்லை. அளவையும் பாருங்கள்: ஆண்களுக்கு நாளொன்றுக்குப் போதுமென அமெரிக்காவில் 2001-இல் வகுத்தது 35 மைக்ரோகிராம். இருபத்தெட்டு மடங்கு கொடுத்துவிட்டு, உணவிலுள்ள குறையை நிரப்புகிறோம் என்பது என்ன கணக்கு? அந்த அளவில் அது மருந்து. மருந்துக்குரிய சோதனைகளில் தேறியாக வேண்டும். புட்டியின் மேலோ ‘சத்து’ என்று அச்சிட்டிருக்கிறது.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டேன். மூன்று மாதமாக அவர் சோதித்துப் பார்க்கவே இல்லை.