பாதியில் நிற்கும் விரிப்புகள்

துணித்துண்டுகளை இணைத்து விரிப்பு தைக்கும் ‘குவில்ட்’ கலை நம் ஊர் வீடுகளுக்குப் பொழுதுபோக்காக வந்து நெடுங்காலம் ஆகவில்லை. அதற்குள் அதன் தொல்லையும் கூடவே வந்துவிட்டது. அலமாரி கொள்ளாத துணி, வெட்டி வைத்து இணைக்காத சதுரங்கள், மேல்பக்கம் மட்டும் முடிந்து மடித்துப் போட்ட விரிப்புகள். விருதுநகர் மாவட்டத்தில் இப்படிச் சேர்வதற்கு வசதி அதிகம். அருப்புக்கோட்டையில் தறி உண்டு, ராஜபாளையத்தில் நூற்பாலைகள் உண்டு, பக்கத்துத் தளவாய்புரத்தில் நைட்டி தைப்பதே ஊர்த்தொழில். வெட்டுத்துணி இத்தனை அருகில் இருக்கும்போது வேண்டாம் என்று சொல்லத் தையல் தெரிந்த எவருக்கும் மனம் வராது.

இந்தக் குவியலைக் குறைக்க வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை இரண்டு: எடுத்த வேலையெல்லாம் முடித்த பிறகே அடுத்ததைத் தொடு; இல்லையென்றால் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வீட்டைக் காலி செய்.

முதல் யோசனையில் ஒழுங்கு இருக்கிறது, நேர்மையும் இருக்கிறது. ஆனால் அது பொழுதுபோக்கைக் கூலி வேலையாக்கிவிடுகிறது. சிவகாசி, சாத்தூர் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் குரோஸ் கணக்கில் தீப்பெட்டி ஒட்டினார்கள். பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றினார்கள். எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி. அப்படிப்பட்ட மண்ணில் எண்ணிக்கையே இல்லாமல் கை தன் விருப்பத்துக்கு ஓடும் ஒரு மணி நேரம் அரிதானது. அதற்குள்ளும் “இந்த மாதம் மூன்று முடிக்க வேண்டும்” என்ற இலக்கைக் கொண்டுவருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வேலை ஏன் நிற்கிறது என்பதையும் இந்த யோசனை கேட்பதில்லை. சோம்பல் காரணமல்ல. இன்று வகுப்புகளில் கற்பிக்கப்படும் குவில்ட் முறையே வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறது. வண்ணம் தேர்ந்து சதுரங்களை இணைப்பது ஒரு கட்டம், இன்பமெல்லாம் அதில்தான். பிறகு அடியில் ஒரு துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, மேலே இணைத்த துணி என மூன்றையும் சுருக்கமின்றிப் பரப்ப ஒரு கூடம் தேவை. அத்தனை கனத்தையும் சாதாரணத் தையல் மிஷினின் சிறிய இடைவெளிக்குள் நுழைக்க வேண்டும். கடைசியில் ஓரம் கட்ட வேண்டும். பெரும்பாலான விரிப்புகள் முதல் கட்டத்துக்கு அடுத்த படியில்தான் நிற்கின்றன.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்களின் ‘கவந்தி’ விரிப்பை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பழைய சேலையை அடியில் விரித்து, கந்தல் துண்டுகளை அதன்மேல் நேரடியாக வைத்து, ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போகிறார்கள். இணைப்பதும் அடுக்குவதும் தைப்பதும் ஒரே வேலை. மூலைகளில் மடித்த துணிப்பூக்கள் வைக்காவிட்டால் அது முடிந்த விரிப்பாகாது. அங்கே ‘மேல்பக்கம் மட்டும் முடிந்தது’ என்ற நிலையே இல்லை. வங்காளத்துக் காந்தாவும் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடுவதுதான்.

வேலை நிற்க இன்னொரு காரணம், வெயில். பஞ்சு வைத்த கனத்த போர்வை பனி பெய்யும் நாட்டுக்குத் தேவை. கரிசல் மண்ணின் கோடையில் அதைப் போர்த்துவது யார்? பயன் இல்லாத பொருளை முடிக்கக் கைக்கு ஆவல் வராதது இயல்பு. பஞ்சைத் தவிர்த்து, பழைய பருத்திச் சேலையையோ வேட்டியையோ அடியில் கொடுத்துத் தைத்தால், நின்றுபோன விரிப்புகளில் கணிசமானவை படுக்கை விரிப்பாகவோ குழந்தைக்கு விரிக்கும் துணியாகவோ முடிந்துவிடும். பஞ்சுச் செலவும் மிச்சம்.

இரண்டாவது யோசனையான காலி செய்வதில் உடனடி நிம்மதி உண்டு. மூச்சு விட இடம் கிடைக்கும். குற்ற உணர்வு குறையும். ஆனால் கொடுக்கிறோம் என்ற பெயரில் நம் சுமையை இன்னொருவர் வீட்டுக்கு மாற்றுவது அடிக்கடி நடக்கிறது. பாதி வெட்டிய சதுரங்களை வைத்துக்கொண்டு வாங்கியவர் என்ன செய்வார்? கேட்டவருக்கு மட்டும், கேட்ட துணியை மட்டும் கொடுப்பதே முறை. மிஞ்சும் பருத்தித் துண்டுகளுக்கு நம் மாவட்டத்திலேயே வேலை இருக்கிறது: அச்சகங்களிலும் பட்டறைகளிலும் மையும் எண்ணெயும் துடைக்க ‘வேஸ்ட் துணி’ எப்போதும் வேண்டும். பாலியஸ்டர் பருத்தியைப் போல உறிஞ்சாது என்பதால் அதைப் பிரித்தெடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

இரண்டு யோசனைகளும் தொடாத இடம் வாங்குதல். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் தேய்ந்த வேலையுடுப்புகளைக் கிழித்துத் தைத்த விரிப்புகள் 2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன; 2006-ல் அஞ்சல்தலையாகவும் வந்தன. வறுமை தந்த அந்த எல்லையை யாரும் விரும்பி ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கையில் இருந்த துணியே அவர்களுடைய வடிவத்தைத் தீர்மானித்தது என்பதைக் கவனிக்கலாம். நாமோ வடிவத்தை முதலில் பார்த்துவிட்டு அதற்காகத் துணி வாங்குகிறோம். துணி வந்து சேர்வதற்குள் மனம் வேறொரு வடிவத்துக்குப் போய்விடுகிறது. தைப்பதும் துணி சேர்ப்பதும் இரண்டு தனி ஆசைகள். பாதியில் நிற்கும் வேலைகளின் பழி தையல்மேல் விழுகிறது. காரணம் பெரும்பாலும் சேர்க்கும் ஆசை.

ஆகவே கைவேலையைக் குறைக்காதீர்கள், துணி வரும் வாசலைக் குறையுங்கள். ஓர் அலமாரித் தட்டை ஒதுக்கி, அது நிரம்பினால் புதுத் துணி இல்லை என்று வையுங்கள். பிடிக்காமல் போன விரிப்பின் தையலைப் பிரித்துத் துணியை மீட்டுக்கொள்ளுங்கள். மீதியைத் தைக்கும் நாளில் தையுங்கள்.