பக்கத்து ஊரின் தமிழ்

தேங்காய்ப்பட்டணத்துத் தமிழை முதன்முறை படிக்கும் தஞ்சாவூர்க்காரருக்கு நாலு பக்கம் வரை மூச்சு முட்டும். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை' (1988) மலையாளமும் அரபும் கலந்த அந்தக் குமரிக் கடற்கரைப் பேச்சில் எழுதப்பட்டது. ஐந்தாம் பக்கத்தில் காது பழகிவிடும். குடிமைப் பாடம் அந்தத் திணறலிலேயே தொடங்கிவிடுகிறது. மத, மொழி, வட்டார வேறுபாடுகளைக் கடந்த சகோதரத்துவம் வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த 51அ பிரிவு சொல்கிறது. அதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். பழகிப் பார்க்க இடம் கொடுத்தவை இத்தகைய நாவல்கள்தாம்.

ராஜம் கிருஷ்ணன் நீலகிரிப் படகர்களைப் பற்றிக் 'குறிஞ்சித்தேன்' எழுதியபோது, வெளியிலிருந்து போன விருந்தாளியின் மரியாதை அதில் இருந்தது. பாமாவின் 'கருக்கு' (1992) வந்த காலத்திலிருந்து நிலைமை மாறியது. தங்கள் கதையைத் தாங்களே எழுத வந்தவர்கள் சொந்த வீட்டுக் குப்பையையும் மறைக்கவில்லை. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவலில் வரும் ஆரோக்கியம், தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்துப் பெண். அவள் வீடு வீடாகப் போய் ராச்சோறு எடுப்பதைப் படித்த பிறகு, ஒடுக்கப்பட்டோர் எல்லோரையும் ஒரே சொல்லில் அடக்கிப் பேச எனக்கு வாய் வரவில்லை. தலித் விமர்சகர்கள் சிலர் இந்நாவலைக் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த விவாதத்தையும் சேர்த்துப் படிப்பதே நியாயம்.

ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' (2004) வேறொரு கேள்வியைக் கேட்கிறது. வீரப்பன் தேடுதல் வேட்டையில் அதிரடிப்படையிடம் சிக்கிய பழங்குடியினரின் கதை அது. அடுத்தவர் பண்பாட்டை மதித்தால் மட்டும் போதாது. நம் வரிப்பணத்தில் நம் பெயரால் காட்டுக்குள் என்ன நடந்தது என்று கேட்பதும் குடிமையின் பகுதிதான்.

ஆனால் ஓர் அபாயம் இருக்கிறது. மீரானின் நாவலில் ஊர் முதலாளி ஆங்கிலப் பள்ளியை எதிர்க்கிறார். சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' பெண்களை அடைத்துவைக்கும் சுவர்களைக் காட்டுகிறது. சொந்தச் சமூகத்தின்மேல் உள்ள அக்கறையால் எழுந்த இந்த விமர்சனத்தைப் படித்துவிட்டு, 'அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள் பார்' என்று புத்தகத்தை மூடிவைக்கும் வாசகரும் உண்டு. ஏற்கெனவே இருந்த வெறுப்புக்கு அவர் சாட்சி தேடிக்கொள்கிறார், அவ்வளவுதான். இலக்கியம் தானாகவே மனத்தை விரிக்கும் என்பவர்கள் இந்த வாசகரைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இங்கேதான் ஆசிரியர் வேண்டும். சல்மாவை வகுப்பில் வைக்கிறவர், நாவலைப் பற்றிய கட்டுரையை உடனே எழுதச் சொல்ல வேண்டாம். முதலில் ஒவ்வொரு மாணவரும் வீட்டுக்குப் போய்க் கேட்டுவரட்டும்: நம் பாட்டி எத்தனையாம் வகுப்போடு நின்றாள், நிறுத்தியவர் யார், என்ன காரணம் சொன்னார்?